பழைய ஜெட் ஸ்கிக்கு எந்த வைத்தியம்?

மே மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. கனடாவில், ஒன்டாரியோவின் சிம்கோ ஏரியில் படகுகளை இறக்கும் கான்கிரீட் சரிவு. எங்களுக்குப் பின்னால் ஆறு டிரெய்லர்கள் வரிசையில் நிற்கின்றன. தண்ணீரில் ஓடும் பைக் போன்ற ஜெட் ஸ்கியை இறக்கிவிட்டு, அதன் மேல் உட்கார்ந்து என் மைத்துனன் ஸ்டார்ட் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கிறான். எஞ்சின் சுற்றுகிறது, இரண்டு தரம் இருமுகிறது, அடங்கிவிடுகிறது. “அத்தான், போன வருஷம் நன்றாகத்தானே ஓடியது?” என்கிறான். எல்லாப் பழைய வண்டியும் போன வருஷம் நன்றாகத்தான் ஓடியிருக்கும்.

ஜெட் ஸ்கி என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் அது கவாசாகியின் வணிகப் பெயர். 1973இல் அந்தப் பெயரோடு வண்டி வந்தது. யமஹா தன்னுடையதை வேவ்ரன்னர் என்கிறது. கியூபெக்கின் பொம்பார்டியர் விற்றது சீ-டூ. நகல் எடுப்பதை ஜெராக்ஸ் என்கிற நமக்கு எல்லாமே ஜெட் ஸ்கிதான். மைத்துனனுடையது 1990களின் பிற்பாதியில் வந்த ஒன்று: இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், மிகுனி நிறுவனத்தின் இரட்டைக் கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் பாகம்). இதே அமைப்பில் வந்த வண்டிகள் வட அமெரிக்க ஏரிக்கரைகளில் இன்றும் நிறைய உண்டு. கை மாறிக் கை மாறிக் குறைந்த விலைக்கு வருவதால் நம் ஆட்கள் முதலில் வாங்குவதும் இவற்றைத்தான்.

சரிவில் நின்ற ஒவ்வொருவரிடமும் ஒரு தீர்வு இருந்தது. டேங்கில் கிளீனர் ஊற்று என்றார் ஒருவர். சோக்கைக் கழற்றிவிட்டு ப்ரைமர் என்கிற கைப் பம்ப் போடு என்றார் இன்னொருவர். இணையத்தில் புது கார்புரேட்டர் ஜோடியாகவே மலிவாகக் கிடைக்கிறதே, எதற்குப் பழையதைக் கட்டி அழ வேண்டும் என்றார் மூன்றாமவர். இவை போக, முழுதாகப் பிரித்து உள்பாகங்களை மாற்றுவது, பட்டறையில் விடுவது, விற்றுவிட்டு ஃபோர்-ஸ்ட்ரோக் வாங்குவது என்று மூன்று வழிகள். இந்த ஆறையும் எதை வைத்து ஒப்பிடுவது? எது சீக்கிரம் ஸ்டார்ட் செய்து தரும் என்பதை வைத்து ஒப்பிட்டால் தப்பான வழியில்தான் போய் நிற்போம் என்பது என் கட்சி.

ஸ்டார்ட் ஆகாத ஜெட் ஸ்கியால் யாருக்கும் நஷ்டமில்லை. கொட்டகையில் சும்மா நிற்கும். அரைகுறை எரிபொருளில் ஸ்டார்ட் ஆகி, ஏரி நடுவில் முழு வேகத்தில் ஓடுகிற வண்டிதான் ஆபத்து. ஆர்எக்ஸ் 100 பைக் ஓட்டியவர்களுக்கு பிஸ்டன் சீஸ் ஆவது என்றால் என்னவென்று தெரியும். காற்றோடு சேரும் பெட்ரோல் குறைந்தால் கலவை வறண்டு, பிஸ்டன் தலை அளவுக்கு மீறிச் சூடேறும். பிஸ்டன் விரிந்து சிலிண்டர் சுவரைப் பிடிக்கும். பெட்ரோலில் எண்ணெயைக் கலக்காமல், எண்ணெய்க்குத் தனி பம்ப் இருக்கும் வண்டியிலும் இதே கதைதான். பைக்காவது சந்து சந்தாக நின்று நின்று போகும். ஜெட் ஸ்கியை நிமிடக்கணக்கில் முழு த்ராட்டிலில் பிடித்திருப்போம். அதற்கு இளைப்பாறவே நேரமில்லை.

எந்த வழியானாலும் முதலில் அரை மணி நேரச் சோதனை ஒன்று உண்டு. இருக்கையைக் கழற்றி எஞ்சின் அறையைச் சில நிமிடங்கள் திறந்து வையுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியிலேயே தங்கும். அங்கே ஒரு தீப்பொறி போதும். அடுத்து, கையில் மாட்டும் பாதுகாப்புக் கயிற்றின் முனை சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், அதைப் பார்க்காமல் ஒரு முழுக் காலையைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும். பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 10க்குக் கீழே வெகுவாக இறங்கினால் எஞ்சின் சுற்றுவது போலத் தெரிந்தாலும் பொறி பலவீனமாக இருக்கலாம்.

பிறகு கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை நெருக்கும் அழுத்தம். இரண்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, வயர்களின் முனையை எர்த் செய்து, த்ராட்டிலை முழுக்கத் திறந்து பிடித்து, பிளக் துளையில் அழுத்த மீட்டர் மாட்டி அளக்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள இந்த ரக எஞ்சின்கள் பெரும்பாலும் 150 பி.எஸ்.ஐ. பக்கத்தில் காட்டும். இரண்டு சிலிண்டருக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, 120க்குக் கீழே போனாலோ கார்புரேட்டர் பேச்சை நிறுத்திவிடலாம். எஞ்சினுக்குள்ளேயே கோளாறு, அதை எந்த கிட்டும் (கார்புரேட்டரின் மாற்று உள்பாகங்கள் அடங்கிய பொதி) சரிசெய்யாது. எங்களுக்கு 148, 145 வந்தது. மைத்துனன் முகத்தில் அன்று முதல் முறையாகச் சிரிப்பு.

கடைசியாக ஒரு சின்ன வித்தை. எண்ணெய் கலந்த பெட்ரோலைப் பாட்டில் மூடி அளவில் பாதி எடுத்து ஒவ்வொரு பிளக் துளையிலும் விட்டு, சிந்தியதைத் துடைத்து, பிளக்குகளையும் வயர்களையும் மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டு மூன்று நொடி உறுமிவிட்டு நின்றால் பொறி இருக்கிறது, கம்ப்ரெஷன் இருக்கிறது, எரிபொருள்தான் வந்து சேரவில்லை. எங்கள் வண்டி அப்படித்தான் உறுமிவிட்டு நின்றது.

எரிபொருள் வரும் பாதையை மனதில் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். டேங்க், அதிலிருந்து திறப்பு, ரிசர்வ், மூடல் என்று மூன்று நிலை கொண்ட வால்வு, தண்ணீரைப் பிரிக்கும் கிண்ண ஃபில்டர், அங்கிருந்து கார்புரேட்டர். பைக் கார்புரேட்டரில் இருப்பது போல மிதவைக் கிண்ணம் இதில் கிடையாது. அலையில் சாய்ந்து கவிழ்ந்து புரளும் வண்டியில் மிதவை எப்படி வேலை செய்யும்? அதற்குப் பதில் டயாஃபிரம் என்கிற வளையும் மெல்லிய சவ்வு. எஞ்சின் கீழறையின் அழுத்தத் துடிப்பு ஒரு மெல்லிய குழாய் வழியாக வந்து பம்ப் டயாஃபிரத்தை அசைக்கிறது, அது டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சுகிறது. இன்னொரு டயாஃபிரம் ஒரு நெம்புகோலை அழுத்தி, பெட்ரோல் நுழையும் துளையின் ஊசியைத் திறந்து மூடுகிறது. மிச்சம் திரும்பும் குழாய் வழியாக டேங்குக்கே போய்விடும். முழுப் பாதையும் உறிஞ்சலில் நடக்கிறது என்பதுதான் சூட்சுமம். டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே ஓரிடத்தில் காற்று புகுந்தாலும் பெட்ரோல் வெளியே ஒழுகாது. காற்று உள்ளே போகும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஃபில்டர் கிண்ணத்தின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) வெடித்திருந்தால் இதுதான் நடக்கும்.

ஆகவே தனிக் கேன் சோதனை. ஒரு சிறிய கேனில் புதுப் பெட்ரோல் எடுத்து, கார்புரேட்டருக்கு வரும் குழாயையும் திரும்பும் குழாயையும் நேரடியாக அதோடு இணைத்துப் பாருங்கள். வண்டி ஒழுங்காக ஓடினால் குற்றவாளி டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் இடையில் இருக்கிறான். ஓடாவிட்டால் கார்புரேட்டருக்குள். எங்களுக்கு இரண்டிலும் பங்கு இருந்தது: கேனில் கொஞ்சம் மேலாக ஓடியது, ஆனாலும் த்ராட்டிலைத் திருகினால் மூச்சுத் திணறியது. வெளியே தண்ணீர்க் குழாய் மாட்டி இப்படி ஓட்டுகிறவர்கள் வரிசையை மறக்கக் கூடாது. எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகுதான் தண்ணீரைத் திறக்க வேண்டும். தண்ணீரை மூடிய பிறகுதான் எஞ்சினை நிறுத்த வேண்டும். மாற்றிச் செய்தால் எக்ஸாஸ்ட் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் ஏறிவிடும், ஒரு கோளாறு இரண்டாகும்.

இனி ஆறு வழிகள்.

டேங்கில் கிளீனர் ஊற்றுவதை நான் முழுக்க ஒதுக்கவில்லை. ஒன்டாரியோவில் சாதாரண பெட்ரோலில் சராசரியாக 10 சதவீதம் எத்தனால் கலக்க வேண்டும் என்று 2020இல் விதி வந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அக்டோபரிலிருந்து மே வரை கொட்டகையில் நின்ற பெட்ரோலில் நீர் பிரிந்து அடியில் தங்கலாம், மேலே உள்ளது பிசினாகத் தடிக்கலாம். ஒரே ஒரு குளிர்காலம் நின்ற வண்டிக்கு, பழையதை முழுக்க இறக்கிவிட்டுப் புதுப் பெட்ரோலும் கிளீனரும் விட்டால் சரியாகிவிடக் கூடும். இறக்காமல் மேலேயே ஊற்றுவது, கெட்டுப்போன சாம்பாரில் கொத்தமல்லி தூவுவது. இறுகிப்போன டயாஃபிரத்தை எந்தத் திரவமும் மிருதுவாக்காது. கார்புரேட்டரைப் பிரிக்காமல் வாய்க்குள் வீரியமான ஸ்ப்ரேயை அடிப்பது இன்னும் மோசம். உள்ளே இருக்கும் ரப்பருக்கு அது விஷம்.

ப்ரைமர் நல்ல சாதனம், தப்பான மருந்து. சோக் வால்வை எடுத்துவிட்டு, கையால் இழுத்துத் தள்ளும் ஒரு சிறு பம்ப் மூலம் பெட்ரோலை நேரடியாகக் கார்புரேட்டரின் தொண்டையில் பீச்சுவது. வாரக்கணக்கில் நின்ற வண்டியும் இரண்டு இழுப்பில் ஸ்டார்ட் ஆகும், பேட்டரிக்கும் நிம்மதி. ஆனால் பம்ப் டயாஃபிரம் தளர்ந்து பெட்ரோல் போதாமல் திணறும் வண்டிக்கு இதை மாட்டினால், ஸ்டார்ட் ஆகாதது என்கிற ஒரே எச்சரிக்கையையும் வாயடைத்துவிட்டோம் என்று பொருள். வண்டி ஜோராகக் கிளம்பும், வறண்ட கலவையில் ஏரி நடுவுக்குப் போகும். எல்லாவற்றையும் சரிசெய்த பிறகு வசதிக்காக மாட்டுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

மலிவான நகல் கார்புரேட்டர்தான் பார்க்க அழகாக இருக்கும் வழி. பளபளவென்று புதுசு, பிரிக்கிற வேலை இல்லை, நான்கு போல்ட் கழற்றி நான்கு போல்ட் மாட்டினால் முடிந்தது. விலையும் இரண்டு அசல் கிட்டுகளை விட அதிகமாக வித்தியாசப்படாது. தெரிந்த ஒருவர் இதைத்தான் செய்தார். நன்றாக ஸ்டார்ட் ஆனது. ஒரு பக்கத்துக் கார்புரேட்டரில் ஊசி சரியாக மூடவில்லை, எஞ்சின் நிற்கும்போதெல்லாம் பெட்ரோல் சொட்டி அந்தச் சிலிண்டர் நனைந்தது. அவர் அதைப் பிரித்து அசல் ஊசி வாங்கிப் போட்டார். ஆக கிட் வாங்குகிற செலவும் சேர்ந்தது. கார்புரேட்டர் என்பது வெறும் வார்ப்பு உலோகம் இல்லை. ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் சிறு துளை) அளவு, ஊசி இருக்கையின் விட்டம், நெம்புகோலின் கீழே உள்ள ஸ்பிரிங்கின் பலம், இவை மூன்றும் அந்த எஞ்சினுக்கென்று தேர்ந்தெடுத்தவை. நகலில் வருவது யாருக்கோ பொருந்தும் சராசரி. பழைய கார்புரேட்டரின் உடல் உப்பு நீரில் அரித்துப்போய் மீளவே முடியாது என்றால் வேறு வழியில்லை. அப்போதும் பழையதிலிருந்த ஜெட்டுகளின் எண்களைக் குறித்துக்கொண்டு புதியதோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் மாட்டக் கூடாது.

நாங்கள் தேர்ந்தது பிரித்துக் கட்டுவதை. ஒரு ஞாயிறு முழுக்க, காராஜ் தரையில் பழைய படுக்கைவிரிப்பைப் போட்டு உட்கார்ந்தோம்.

பம்ப் பக்க மூடியைக் கழற்றியதும் உள்ளே விரல் நகம் அளவில் ஒரு வலை ஃபில்டர் தெரியும். கார்புரேட்டருக்குள் அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. எங்களுடையதில் வலையின் கண்கள் தெரியவில்லை. குளத்துப் படிக்கட்டில் படியும் பாசி போல, விரலில் ஒட்டிக்கொண்டால் சோப்பில் போகாத ஒரு பச்சை மாவு அதன்மேல் படிந்திருந்தது. மைத்துனன் அதை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான். இது எங்கிருந்து வந்தது என்பதுதான் முழுக் கதையும். 1990களில் வந்த சில வண்டிகளில் சாம்பல் நிற எரிபொருள் குழாய்கள் இருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் திடமாகவே இருக்கும். உள்பூச்சு வருஷக்கணக்கில் பெட்ரோலில் ஊறிப் பிசுபிசுத்துக் கரைந்து கார்புரேட்டரில் வந்து படியும். எங்கள் குழாயில் ஒரு சாண் வெட்டி நீளவாக்கில் பிளந்து பார்த்தோம். உட்சுவரெங்கும் அதே பச்சை.

கார்புரேட்டரை மட்டும் கழுவி மாட்டுகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். கழுவிய வாரம் வண்டி பறக்கும். அடுத்த மாதம் அதே வலை மறுபடி அடைபடும். ஒரு பக்கம் அதிகமாக, ஒரு பக்கம் குறைவாக. அடைபட்ட பக்கத்துச் சிலிண்டர் சீஸ் ஆகும். பழி கார்புரேட்டர் கழுவியவர் தலையில் விழும். குழாய், வால்வு, ஃபில்டர் கிண்ணத்தின் ஓ-ரிங், டேங்க் உள்ளே போகும் உறிஞ்சு குழாயின் வலை, இவை எல்லாவற்றையும் முதலில் முடித்துவிட்டுக் கடைசியாகத்தான் கார்புரேட்டருக்கு வர வேண்டும். குழாய் வாங்கும்போது படகுகளுக்கான எரிபொருள் குழாய் என்று கேட்டு வாங்குங்கள். திரும்பும் பாதையில் சிறு துளையுள்ள ஓர் அடைப்பான் இருக்கும்; பழைய குழாயோடு சேர்த்து அதையும் குப்பையில் போட்டுவிட்டால் அழுத்தமே நிற்காது. நாங்கள் குப்பைத் தொட்டியைக் கிளறித்தான் அதை எடுத்தோம்.

கிட் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன்: அசல் மிகுனி கிட். மலிவு கிட்டில் டயாஃபிரம் சற்றுத் தடிமனாக, விறைப்பாக இருப்பதைக் கையில் எடுத்தாலே உணரலாம். அசல் டயாஃபிரம் வெங்காயச் சருகு போல வளையும். இரண்டு கிட்டும் குழாய்களும் கிளாம்புகளும் சேர்த்து எங்களுக்கு 230 கனடிய டாலர் ஆனது. ஜெட்டுகளைக் கழற்றிக் கரைசலில் ஊறவைத்து, காற்று அடித்து, வெளிச்சத்தில் பிடித்துத் துளை முழு வட்டமாகத் தெரிகிறதா என்று பார்த்தோம். கம்பி விட்டுக் குத்தக் கூடாது, பித்தளையில் ஒரு கீறல் விழுந்தாலும் அளவு போயிற்று. பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் திருகாணிகளைக் கழற்றும் முன் எத்தனை சுற்று திறந்திருந்தன என்று எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

கட்டி முடித்ததும் ஊசி எந்த அழுத்தத்தில் திறக்கிறது என்று சோதிக்க ஒரு கைப் பம்பும் மீட்டரும் வேண்டும். ஊசியை ஈரமாக்கிவிட்டு அழுத்தம் கொடுங்கள். காய்ந்த ஊசி பொய் சொல்லும். பட்டென்று திறக்கும் அளவு உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் சொன்ன எல்லைக்குள் இருக்க வேண்டும், இரண்டு கார்புரேட்டரும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். அந்த அளவுக்குச் சற்றுக் கீழே நிறுத்தினால் அழுத்தம் இறங்காமல் நிற்க வேண்டும். எங்களுக்கு இடது பக்கம் இறங்கிக்கொண்டே இருந்தது. மறுபடி பிரித்துப் பார்த்தால் ஊசி இருக்கையின் கீழே பழைய ஓ-ரிங்கின் ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. இந்தச் சோதனையை விட்டிருந்தால் அந்தத் துணுக்கு ஏரியில்தான் தன்னைக் காட்டியிருக்கும்.

பட்டறை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல ஆள் கிடைத்தால் இதே வேலையை ஒழுங்காகச் செய்வார், கூலி மட்டும் பாகங்களின் விலையைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆகும். இந்த வயது வண்டியை எடுக்கவே மறுக்கும் கடைகளும் உண்டு. விடுவதானால் ஒரே கேள்வி கேளுங்கள்: குழாய்களையும் மாற்றுவீர்களா? கார்புரேட்டர் மட்டும் போதும் என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

விற்றுவிடுவது எனக்குப் பிடிக்காத வழி, ஆனால் கம்ப்ரெஷன் விழுந்த வண்டிக்கு அதுதான் கௌரவமானது. யமஹா 2002இல் ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு மற்றவர்களும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோல் இன்ஜெக்ஷன் வந்ததோடு நான் மேலே சொன்ன தலைவலிகளில் முக்கால்வாசி இல்லாமலே போயிற்று. பழைய கார்புரேட்டர் டூ-ஸ்ட்ரோக், குடிக்கும் பெட்ரோலில் கால் பங்குக்கும் மேல் எரிக்காமல் தண்ணீரிலும் காற்றிலும் விடக்கூடியது. அமெரிக்காவில் டாஹோ ஏரியில் 1999 ஜூனிலிருந்தே இந்த வகைக்குத் தடை. நீங்கள் ஓட்டப்போகும் ஏரியின் விதியைப் பார்க்காமல் பழையதில் ஒரு டாலரும் போடாதீர்கள். எங்கள் கணக்கில் 148, 145 என்ற இரண்டு எண்களும்தான் விற்கும் யோசனையை மூடின. அவை 110, 140 என்று வந்திருந்தால் இந்தக் கட்டுரையே வேறு மாதிரி இருந்திருக்கும்.

ஜூன் நடுவில் மறுபடி அதே சரிவு. மூன்றாவது அழுத்தலில் பிடித்தது. முதல் பத்து நிமிடம் பாதி த்ராட்டிலுக்கு மேல் போகாமல், கரையோரமாகவே சுற்றிவந்து நிறுத்தி, பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தோம். வலது பக்கம் காப்பிப்பொடி நிறம். இடது பக்கம் ஈரமாக, சற்றுக் கறுப்பாக, அதாவது பெட்ரோல் கொஞ்சம் அதிகம். வறண்டிருப்பதைவிட இது எவ்வளவோ மேல். இடது பக்கத்துத் தாழ்வேகத் திருகாணியை எட்டில் ஒரு சுற்று மூடினோம். மைத்துனன் மறுபடி ஏறி உட்கார்ந்தான்.